ஆரணியில் ஒரு கெண்டை சிவந்த கதை

வேலூரில் ஏறிய பேருந்தில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. என் தெர்மாகோல் பெட்டிக்குக் கிடைக்கவில்லை. மடியில் வைத்தால் முன்னால் இருப்பது எதுவும் தெரியவில்லை, கீழே வைத்தால் ஏறுகிறவர்கள் எல்லாம் அதன்மேல் உட்காரப் பார்த்தார்கள். நடத்துநர் வந்து பெட்டியை விரலால் தட்டினார்.

“இன்னா சார் கீது இதுல?”

“ஒண்ணும் இல்ல. காலிப் பெட்டி.”

“காலிப் பொட்டிய எதுக்கு சார் கொயந்தையாட்டம் கட்டிப்புடிச்சினு வர்றீங்க?”

பதில் சொல்ல யோசிப்பதற்குள் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். ஆரணியில் இறங்கும்போது பெட்டியை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்ற கவலையில் அதை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கத்தி, கையுறை, எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம் இருந்த பை பேருந்திலேயே போளூர் பக்கம் போய்விட்டது. காலிப் பெட்டி பத்திரமாக இருந்தது.

நான் மீன் ஆராய்ச்சிக்காரன். ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. தண்ணீரில் கலக்கிற ஒரு வேதிப்பொருளின் மூலக்கூறு எவ்வளவு பெரியது, அது மீனின் உடம்பில் சேருமா சேராதா என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. வருடக்கணக்காக இதைச் செய்கிறேன். இத்தனை வருடத்தில் உயிருள்ள மீன் ஒன்றைத் தொட்டதில்லை. தூத்துக்குடியில் பிறந்தவன் இதை வெளியே சொல்லலாமா? சொல்லக் கூடாதுதான். என் பேராசிரியை அதைக் கண்டுபிடித்துவிட்டார். “உன் கணினிக்கு வெளியே இருக்கும் ஓர் ஏரியைப் போய்ப் பார்த்துவிட்டு வா” என்று அனுப்பிவிட்டார்.

ஆரணியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பட்டுச் சாயம். சாய மூலக்கூறுகள் பெரியவை. சாயப்பட்டறைகளுக்குக் கீழே ஒரு சிற்றேரி, அதில் மீன் வளர்க்கிறார்கள் என்று நண்பன் சொன்னான். அவனுடைய உறவினர் பூபாலன் அங்கே சாயப்பட்டறை நடத்துகிறார், அவர் வீட்டிலேயே தங்கலாம் என்றும் சொன்னான். என் அக்காவுக்கு விஷயம் எட்டியதும், “ஆரணிக்கா போற? எனக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துட்டு வந்துரு” என்று உத்தரவு போட்டுவிட்டாள். ஆராய்ச்சிக்கு இதைவிட வலுவான காரணம் என்ன வேண்டும்.

முதல் நாள் இரவு பூபாலன் வீட்டில் பிரியாணி. கூடவே கத்திரிக்காய்த் தொக்கு. ஜெர்மனியில் இராச்சாப்பாடு என்பது ரொட்டியும் பாலாடைக்கட்டியும், இரண்டும் குளிர்ந்து போயிருக்கும். இங்கே தட்டிலிருந்து ஆவி பறந்தது. பூபாலனின் மனைவி மல்லிகா, நான் போதும் என்று கையை விரிப்பதற்குள் இன்னொரு கரண்டி வைத்துவிடுவார். விரித்த விரல்களுக்கு நடுவே குறி பார்த்து வைப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

“நீங்க இன்னா படிப்பு படிச்சிகீறீங்கன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்” என்றார் பூபாலன்.

பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். “மீனோட செவுள ஒரு பஸ் வாசல்னு வச்சுக்குங்க. சின்ன மூலக்கூறு சின்னப் பையன் மாதிரி. ஏறுவான், இறங்கிடுவான். பெரிய மூலக்கூறு மூட்டை தூக்கிட்டு வர்ற ஆளு. வாசல்லயே மாட்டிக்குவாரு, உள்ள போக முடியாது. பிரச்சினை நடுவுல இருக்கிற ஆளுதான். அவரு உள்ளயும் வருவாரு, கொழுப்புங்கிற சீட்டையும் புடிச்சு உக்காந்துக்குவாரு. அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாரு. நாளாக நாளாக மீனுக்குள்ள சேர்ந்துக்கிட்டே போறது அவங்கதான்.”

“அப்ப நம்ம சாயம்?”

“மூட்டை ஆளு. அதுவும் தண்ணியை விட்டுப் பிரியாத ஆளு. மீன் உள்ள ஏத்தாது.”

பூபாலனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா மல்லிகா, நம்ம மேல பழி இல்ல.”

“சீட்டு புடிச்சி ஒக்காந்துக்கினு கீறவரு யாரு?” என்றார் மல்லிகா.

“அது தெரியாதுங்க. வயல்ல அடிக்கிற மருந்தா இருக்கலாம், எண்ணெயா இருக்கலாம், சாயத்தோட சேர்க்கிற வேற ஏதாவதா இருக்கலாம். அதுக்கெல்லாம் நிறம் கிடையாது. அதைத் தேடித்தான் வந்திருக்கேன்.”

“அப்ப மீன சாப்புடலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க.”

“சோதனை முடிஞ்சாத்தான் சொல்ல முடியும்.”

“இவ்ளோ பேசினீங்களே” என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

மறுநாள் காலையில் பட்டறையைப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. கொதிக்கிற தொட்டியின் மேல் கம்பில் மாட்டிய வெள்ளைப் பட்டு நூலைப் புரட்டிப் புரட்டி நனைத்தார்கள். நடுவில் பூபாலன் ஒரு குவளை அமிலத்தை ஊற்றினார், ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல மூக்கில் ஏறியது. சற்று நேரத்தில் நூல் அரக்குச் சிவப்பாகிவிட்டது, தண்ணீரோ கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. புளிப்பு இருந்தால்தான் சாயம் பட்டைப் பிடிக்கும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். கண்ணால் பார்த்தபோது கை தட்ட வேண்டும்போல இருந்தது. தட்டினேன். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் கழிவுத் தொட்டி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். மல்லிகா ஏரிப் பக்கம் தாடையை நீட்டினார்.

அன்று மாலை ஏரிக்குப் போனேன். கோடையில் வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. அந்த வருட மீன் குத்தகை எஸ்தர் அக்காவுடையது. ஐம்பது வயதிருக்கும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றிருந்தார். வீட்டுக்காரர் வலை இழுக்க ஆள் கூப்பிடப் போயிருந்தார்.

“ஞாயித்துக்கிழம ஜெபம் முடிஞ்சதும் வல இழுக்கிறோம் சார். போளூர்லருந்து யாவாரிங்க வர்றாங்க, ஊரு ஜனமும் வரும். அன்னிக்கே வித்துடணும். இதுக்கு மேல தண்ணி சுண்டிச்சின்னா மீனு தானா செத்து மெதக்கும். வருசம் பூரா பட்ட பாடு அந்த ஒரு நாள்லதான் கீது” என்றார்.

பேசிக்கொண்டே ஒரு கெண்டையைப் பிடித்து என் கையில் கொடுத்தார். அது துள்ளியது. நானும் துள்ளினேன். மீன் சேற்றில் விழுந்தது. குனிந்து பிடிக்கப் போய் முட்டி வரை நானும் சேற்றில் இறங்கினேன்.

“மீனு டாக்டருன்னு சொன்னாங்களே” என்றார் எஸ்தர் அக்கா. அவர் சிரிக்காமல் கேட்டதுதான் கொஞ்சம் வலித்தது.

நல்ல மனுஷி. சோதனைக்கு வேண்டிய மீன்களை என் தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டி போட்டு அவரே அடுக்கிக் கொடுத்தார். குழம்புக்கென்று ஒரு பெரிய கெண்டையைத் தனியாகக் கொடுத்தார். அதை அரிவாள்மணையில் துண்டும் போட்டுத் தந்தார், அந்த வேலை என்னால் ஆகாது என்று பார்த்த உடனே முடிவு செய்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் யாரும் இல்லை. பூபாலனும் மல்லிகாவும் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார்கள். எனக்குள் இருந்த தூத்துக்குடிக்காரன் அப்போதுதான் விழித்துக்கொண்டான். அவர்கள் வருவதற்குள் மீனைக் கழுவி வைத்து அசத்திவிட வேண்டும். ஏரி மீனின் சேற்று வாடை போக அம்மா புளித்தண்ணீரில் ஊறவைப்பாள். கொல்லையில் நிறைய வாளிகள் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மஞ்சள் வாளியின் விளிம்பில் கறை இருந்தது, வெள்ளை வாளியைச் சுற்றி நீலத் திட்டுகள். சிவப்பு வாளி மட்டும் துளிக் கறை இல்லாமல் பளிச்சென்று இருந்தது. சுத்தம் பார்த்து வாளி எடுக்கிற என் அறிவை மெச்சிக்கொண்டே அதை எடுத்தேன். புளியைக் கரைத்து ஊற்றி, துண்டுகளைப் போட்டு, உப்பும் தூவிவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து ஒரு துண்டை எடுத்தேன். சிவந்திருந்தது. வெட்டிய மீனில் இருக்கும் இரத்தச் சிவப்பு இல்லை, கல்யாணப் புடவைச் சிவப்பு. அடுத்த துண்டும் அப்படியே. எல்லாமே அப்படித்தான்.

பெரிய மூலக்கூறு உள்ளே போயிருக்கிறது! செவுள் தடுக்கவில்லை. இத்தனை வருடக் கணக்கும் தப்பு. என் கணக்கு மட்டும் இல்லை, உலகத்திலுள்ள எல்லாருடைய கணக்கும் தப்பு, அதைக் கண்டுபிடித்தவன் நான்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துக்கம் ஒரு நிமிடம்தான் இருந்தது, பிறகு முழுக்க சந்தோஷம். ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துப் பேராசிரியைக்கு அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆரணி ஏரி மீனுக்குள் சாயம்! இனி என்ன சொல்வார்கள்?” என்று எழுதி வாட்ஸாப் ஸ்டேட்டஸிலும் போட்டேன்.

துண்டுகளை ஆதாரமாக வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அலுத்து வந்த பூபாலனுக்கும் மல்லிகாவுக்கும் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். வெற்றி பெற்றவனுக்கு எவ்வளவு நன்றாகத் தூக்கம் வரும் என்பதை அன்றுதான் கண்டேன்.

காலையில் தேநீர்க் கடைக்குப் போனால், பெஞ்சில் இருந்த ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மீன அறுத்தா உள்ளாற சேப்பு சேப்பா சாயமாம்பா. ஃபாரின் டாக்டரே போட்டோ போட்டுகீறாரு.” எனக்கு மார்பு விரிந்தது. நான்தான் அந்த டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்காவிடமிருந்து அழைப்பு.

“ஏல, அந்த மீன் கலரு நல்லாருக்கு. அதே கலர்ல சேலை எடு” என்றாள்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் எஸ்தர் அக்கா நின்றிருந்தார். கண்கள் அழுது வீங்கியிருந்தன. பக்கத்தில் பூபாலன், முகம் கறுத்து, கையில் போனோடு. போனில் நான் போட்ட படம், என் நண்பன் வழியாகச் சொந்தக்காரர்களுக்குப் போய் ஊருக்குள் நுழைந்திருந்தது.

“போளூர் யாவாரிங்க வரலன்னு போன் பண்ணிட்டாங்க சார். ஊருல ஒருத்தரும் வாங்க மாட்டேன்றாங்க” என்றார் எஸ்தர் அக்கா. “என் மீனுக்கு இன்னா சார் பண்ணீங்க?”

“எனக்கும் காலைலருந்து ஒரே பேஜாரு” என்றார் பூபாலன். “உன் சாயம்தான் ஏரியில கீதுன்னு தெருவே திட்டுது. மூட்ட ஆளு உள்ள போவ மாட்டாருன்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

பெரிய கண்டுபிடிப்புகளுக்கு இப்படி எதிர்ப்பு வரத்தான் செய்யும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. பேராசிரியையின் பதில் ஒரே வரி: “படத்தில் உன் விரல்களும் அதே நிறத்தில் இருக்கின்றன. நீயும் அந்த ஏரியில்தான் வளர்ந்தாயா?”

விரல்களைப் பார்த்தேன். பத்தும் சிவப்பு. மருதாணி வைத்த கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகப் பிடித்திருக்காது. இரவு முழுக்க அந்தக் கையோடுதான் தூங்கியிருக்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்த துண்டை எடுத்துவந்து குறுக்கே அறுத்தேன். ஓரத்தில் மட்டும் சிவப்பு, நடுவில் பால் வெள்ளை. பிறகு பனிக்கட்டிப் பெட்டியில் இருந்த முழு மீன் ஒன்றை எடுத்தேன். நான் கத்தி பிடித்த விதத்தைப் பார்த்து எஸ்தர் அக்காவே அதை வாங்கி அறுத்தார். உள்ளே எங்கேயும் சாயம் இல்லை.

மல்லிகா கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். “மீன எந்த வாளில போட்டீங்க சார்?”

சிவப்பு வாளியைக் காட்டினேன்.

மல்லிகா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பட்டறையில் ஒவ்வொரு சாயத்தையும் அதே நிற வாளியில்தான் கரைப்பார்கள், ஒன்றோடொன்று மாறிவிடக் கூடாதே என்று. சிவப்பு வாளியில் சிவப்புச் சாயம். அதில் கறை தெரியாததற்கு வேறு காரணம் வேண்டாம். பட்டும் புரதம், மீனும் புரதம். ஒட்டியிருந்த சாயத்தில் தண்ணீர் ஊற்றி, புளிப்பும் சேர்த்து, பூபாலன் பட்டுக்குச் செய்வதை நான் கெண்டைக்குச் செய்திருக்கிறேன். உயிரோடு இருந்த மீனின் வாசலில் நுழைய முடியாத ஆள், செத்து வெட்டுண்ட மீனின் மேல் புளியைப் போட்டதும் சௌகரியமாக ஒட்டிக்கொண்டார்.

பூபாலன் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவருடைய தொழில்புத்தி கோபத்தைவிட முந்திக்கொண்டது. “கலர் நல்லாப் புடிச்சிகீது சார். சலவைக்கே தாங்கும்.”

மல்லிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை.

“அப்ப நாளைக்கு ஏரிக்கரையில வந்து நின்னு, மீனுல ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க சார்.”

“சாயம் இல்லன்னு சொல்றேன்க்கா. ஒண்ணுமே இல்லன்னு என்னால சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாதது ஏதாவது இருக்கான்னு சோதனை முடிஞ்சாத்தான் தெரியும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கெடுக்கறதுக்கு ரிசல்ட்டு வேணாம். நல்லது சொல்றதுக்கு மட்டும் ரிசல்ட்டு வேணுமா?”

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஸ்டேட்டஸை அழித்துவிட்டு, நடந்த முட்டாள்தனத்தை அப்படியே எழுதிப் போட்டேன். படம் ஊரெல்லாம் ஓடியது, மன்னிப்பு தெருமுனைகூடத் தாண்டவில்லை. பூபாலனின் போனில் அந்தச் சிவப்புத் துண்டு அன்று முழுக்க வந்துகொண்டே இருந்தது, ஒரு தடவை அதன்மேல் ஒட்டிய மண்டை ஓட்டுப் படத்தோடு.

மாலையில் பூபாலனிடம் சிவப்பு வாளியைக் கேட்டேன். “இன்னுமா ஆசை தீரல?” என்றார். காரணத்தைச் சொன்னதும் கொஞ்சம் சாயப் பொடியும் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வலை இழுத்தார்கள். கரையில் மீன் குவிந்து துள்ளியது. வேடிக்கை பார்க்க ஆள் வந்தது, வாங்க வரவில்லை. எஸ்தர் அக்கா தராசுக்குப் பின்னால், ஜெபத்துக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு, யாரையும் கூப்பிடாமல் நின்றிருந்தார். நான் இரண்டு வாளிகளைக் கரையில் வைத்து, “எல்லாரும் வாங்க! மீனுக்கு எப்படிச் சாயம் போடறதுன்னு காட்டறேன்!” என்று கத்தினேன். வாழ்க்கையில் பொது இடத்தில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. பாதியில் குரல் கீச்சென்று உடைந்தது. அதற்கே நாலு பேர் நெருங்கி வந்தார்கள்.

எல்லார் கண் முன்னாலும் ஒரே கெண்டையை இரண்டாக வெட்டச் சொல்லி, ஒரு பாதியை நல்ல வாளியிலும் மறு பாதியைச் சாய வாளியிலும் போட்டேன். இரண்டிலும் புளித்தண்ணீர். காத்திருந்த நேரத்தில் நடந்ததையெல்லாம் சொன்னேன். பேருந்தில் விட்ட பை, சேற்றில் விழுந்தது, சுத்தமான வாளி என்று மெச்சிக்கொண்டது, ஸ்டேட்டஸ், எதையும் விடவில்லை. ஒரு பாதி வெள்ளையாகவும் மறு பாதி சிவப்பாகவும் வெளியே வந்தபோது கூட்டம் விசில் அடித்தது. “சாயம் போட்ட சாரு!” என்று யாரோ பெயர் வைத்தார்கள். பின்னாலிருந்தவர்கள் முட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “சரிப்பா. நீ சாப்புடுவியா?”

“சாப்பிடுவேன். ஆனா நான் சாப்பிடறது சாட்சி இல்லைங்க. சாயம் உள்ள இல்ல, அது நிச்சயம். வேற ஏதாவது கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்திருக்கான்னு எனக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சதும் வந்து சொல்றேன்.”

எஸ்தர் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். பெரியவர் தாடியைச் சொறிந்தார். “மத்ததுல மட்டும் இன்னா கீதுன்னு எவன் சொல்றான்? இவனாச்சும் தெரியலன்னு சொல்றான்” என்று பையை நீட்டினார். “எனக்கு ரெண்டு கெண்டை போடும்மா. ஜல்தி.”

அதற்குப் பிறகு வியாபாரம் நடந்தது. முழுக்க நடந்தது என்று சொன்னால் பொய். போளூர் வியாபாரிகள் கடைசி வரை வரவில்லை. மிஞ்சிய மீனை எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக விற்கப் போனார். அது என்னால் வந்த நஷ்டம். அதைச் சரிக்கட்ட நான் நீட்டியதை எஸ்தர் அக்கா வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆரணி அரிசிச் சோறு, மாங்காய் போட்ட மீன் குழம்பு. எங்கள் ஊர்க் குழம்பில் தேங்காய் மணக்கும், இதில் புளியும் காரமும் முந்திக்கொண்டு வந்தன. நான் இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். எஸ்தர் அக்கா குழம்புச் சட்டியை மூடிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ரிசல்ட்டு வந்தா மொதல்ல எனக்கு சொல்லுங்க சார். நல்லதோ கெட்டதோ, மறைக்காம சொல்லுங்க. ஊரு ஜனம் என்னிக்கோ ஒரு நாளு வாங்கித் துன்னும். என் ஊட்டுல தெனம் இந்த மீனுதான்.” எழுந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். “ஸ்டேட்டஸ்ல போடாதீங்க.”

வருடக்கணக்காக உள்ளே ஏறி உட்கார்ந்து எழுந்திருக்காத அந்த நடுத்தர அளவு ஆளை நான் கணினியில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கடைசியில் இறங்குகிற வீடு எது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

திரும்பிப் போகும்போது வேலூர்ப் பேருந்தில் அதே நடத்துநர். அக்காவுக்கு எடுத்த அரக்குச் சிவப்புச் சேலையை மேலே தட்டில் எறிந்துவிட்டு, சோதனை மீன்கள் இருந்த பெட்டியை மட்டும் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். அவர் என் விரல்களைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். செய்தி பேருந்து வரைக்கும் வந்திருந்தது.

“இப்பனா பொட்டில எதனா கீதா சார்?”

“இருக்குங்க. எஸ்தர் அக்கா வீட்டுச் சாப்பாடு.”

பெட்டிக்கு ஒரு டிக்கெட் கிழித்தார். காசை எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.